தட்டு ஸ்டாண்டில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு

என் எழுபத்து மூன்று வயதுக்குள் ஒன்பது வீடுகளில் குடியிருந்திருக்கிறேன். அந்த ஒன்பது வீடுகளிலும் என் தலைக்கு மேல் குடியிருந்தவர்களை எண்ணினால் பதினாறு பேர் வருகிறார்கள். பதினைந்து பேர் மனிதர்கள். பதினாறாமவர் தட்டு ஸ்டாண்டு. அந்தப் பதினைந்து பேரும் சேர்ந்து எனக்குக் கொடுத்த தலைவலி மொத்தத்தையும், திங்கட்கிழமை குடிவந்த இவர் வியாழக்கிழமைக்குள் கொடுத்து முடித்துவிட்டார்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. எங்கள் அடுக்ககச் சங்கத்தின் பதிவேட்டில் நானே எழுதியிருக்கிறேன். ஆனால் பதினெட்டு வீடுகளில் ஒருவர்கூட அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

எங்கள் அடுக்ககம் ஆவடிக்கு வெளியே முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் இருக்கிறது. தலைக்கு மேல் விமானப்படை விமானம் போனால் நாங்கள் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவர் குடிவந்த அன்று கேட்ட இரைச்சலையும் அப்படித்தான் விட்டேன். ஆனால் பதினோரு நிமிடம் ஆகியும் அந்த விமானம் போகவில்லை. விமானம் என்றால் எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். இது என் படுக்கையறைக்கு நேர் மேலே நின்றுகொண்டிருந்தது. பதினெட்டுப் படி ஏறி மூன்றாம் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். லுங்கி, பனியன், காதில் ஒரு ஸ்க்ரூடிரைவர். கூடத்தில் மேஜை. மேஜையின் மேல் நான்கு டபராக்களைக் கவிழ்த்து, அவற்றின் மேல் லேப்டாப். லேப்டாப்பின் அடிமூடி கழற்றப்பட்டிருந்தது. அதன் வயிற்றிலிருந்து ஒரு தட்டையான கேபிள் கிளம்பி, பக்கத்தில் இருந்த எவர்சில்வர் தட்டு ஸ்டாண்டுக்குள் போனது. ஆம், சமையலறையில் தட்டுகளை நிறுத்தி வைப்போமே, அதே ஸ்டாண்டு. அதற்குள் தட்டு இல்லை. இரண்டு விசிறிகளுடன் ஒரு கறுப்புப் பெட்டி நிமிர்ந்து நின்று, சற்று முன் நான் விமானம் என்று நினைத்த சத்தத்தைப் போட்டுக்கொண்டிருந்தது.

"என்ன சார் இது?" என்றேன்.

"கிராஃபிக்ஸ் கார்டு சார். பழசுதான், ஆனா சிங்கம்."

"கம்ப்யூட்டருக்கு உள்ளே இருக்க வேண்டியது இல்லையா?"

"இந்த லேப்டாப்புல உள்ள எடம் இல்ல சார். அதான் வெளில குந்த வச்சிகீறேன். கீழ பச்சையா ஒரு பலகை கீது பாருங்க, அதான் டாக். கார்டை அதுல சொருவி, அங்கேர்ந்து ஒயரு லேப்டாப்புக்கு. லேப்டாப்பு பாவம், கார்டு தன் வயித்துக்குள்ளதான் கீதுன்னு நெனச்சிகினு வேலை செய்யும்."

"கேபிளை எங்கே செருகினீர்கள்?"

"உள்ள வைஃபைக்குன்னு ஒரு சில்லு இருந்திச்சு. அத்தப் புடுங்கிட்டு அந்த எடத்துல."

"அப்படியானால் இன்டர்நெட்?"

"அது பூட்ச்சி சார். கலர் வருதுல்ல?"

"தட்டு ஸ்டாண்டு எதற்கு?"

"கார்டு வெயிட்டு சார், சாஞ்சிரும். இது எங்க கல்யாணத்துல வந்தது. பன்னெண்டு தட்டு நிக்கும். மூணாவது சந்துல கார்டு உக்காந்துச்சு பாருங்க, அளவெடுத்து செஞ்ச மாரி!"

தட்டு நிற்கும் சந்துகளை எண்ணினேன். பதினொன்றுதான் இருந்தன. சொன்னேன். அவரும் விரல் வைத்து எண்ணினார். "அட ஆமா சார். எட்டு வருசமா பன்னெண்டுன்னு சொல்லிகினு கீறேனே!" என்று, ஏதோ நான் அவருடைய நோயைக் கண்டுபிடித்த டாக்டர் போல, என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவருடைய மனைவி செல்வி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நல்லா கேளுங்க சார். எட்டு வருசமா எங்க ஊட்டுத் தட்டு துணி காயப்போட்ற கொடியிலதான் காயுது." பால்கனியைப் பார்த்தேன். ஒரு வலைப்பைக்குள் ஆறு தட்டுகள், இரண்டு கிளிப்புகளில், காற்றில் கிணுகிணுவென்று ஆடிக்கொண்டிருந்தன.

அவர் தொழில் கல்யாண வீடியோ. பூந்தமல்லியில் ஒரு ஸ்டுடியோவுக்காக வீட்டிலிருந்தே வெட்டி ஒட்டிக் கொடுப்பார். வெட்டி ஒட்டிய துண்டுகளை ஒரே படமாகச் சேர்த்துச் சுட்டு எடுக்கும் கடைசி வேலைக்கு ரெண்டர் என்று பெயர். அதற்குத்தான் இந்தக் கார்டு. "அப்படியானால் ஒரு பெரிய கம்ப்யூட்டரே வாங்கியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"லேப்டாப்புன்னா எங்க வேணா எடுத்துகினு போலாமே சார்!"

அவர் அதை எடுத்துக்கொண்டு போனது, எனக்குத் தெரிந்து, ஒரே ஒரு முறை. ஒரு மண்டபத்திலேயே உட்கார்ந்து படத்தை முடித்துத் தர வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். லேப்டாப்பும் கார்டும் ஒரு பை, கார்டுக்கு மின்சாரம் கொடுக்கும் டப்பா ஒரு பை, யூபிஎஸ் ஒரு பை, தட்டு ஸ்டாண்டு கையில். ஷேர் ஆட்டோவில் அவருக்கு மட்டும் மூன்று பேர் இடம். மண்டபத்தில் ஸ்டாண்டை வரவேற்பு மேஜையில் வைத்துவிட்டு மற்ற பைகளை எடுக்கத் திரும்பியிருக்கிறார். வந்து பார்த்தால் ஸ்டாண்டு இல்லை. பெண் வீட்டுக்காரர்கள் அதைப் பரிசுப் பொருளாக எடுத்து, குத்துவிளக்குகளுக்கும் சுவர்க் கடிகாரங்களுக்கும் நடுவே அடுக்கி, துண்டுச் சீட்டு வேறு ஒட்டிவிட்டார்கள்.

"அது என்னுது சார், அது கம்ப்யூட்டரு" என்று இவர் கெஞ்ச, பெண்ணின் தாய்மாமன், "யோவ், வச்ச சாமானத் திருப்பிக் கேக்குற மொத ஆளு நீதான்யா. ஸ்டாண்டு வாங்கத் தெரிஞ்ச உனக்கு ஆறு தட்டு வாங்கத் தெரிலியா?" என்றாராம். கார்டைச் சொருகி, விசிறியை ஓடவிட்டுக் காட்டிய பிறகே ஸ்டாண்டை மீட்க முடிந்தது. அன்றிலிருந்துதான் அந்தப் பெயர். ஸ்டுடியோக்காரர்கள் வைத்தார்கள். எங்கள் அடுக்ககம் நான்கே நாளில் ஏற்றுக்கொண்டது.

இனி என்னுடைய கஷ்டத்துக்கு வருகிறேன். அந்த இயந்திரத்தை எழுப்புவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் டாக்கைப் போட வேண்டும். பத்து எண்ண வேண்டும். பிறகுதான் லேப்டாப்பைப் போட வேண்டும். மாற்றிப் போட்டால் லேப்டாப்புக்குக் கார்டு இருப்பதே தெரியாது. இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வரிசையும் எண்ணிக்கையும் உள்ள எந்தக் காரியத்தையும் மதிப்பவன் நான். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரு தொழிற்சாலையின் கிடங்கில் நட்டும் போல்ட்டும் எண்ணியவன். ஆனால் இவர் தினமும் காலை ஆறரைக்கு, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, உரக்க எண்ணுவார்: "ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, எட்டு..."

ஏழு கிடையாது. எண்ணிக்கை குறையக் கூடாது என்று கடைசியில் பதினொன்று வரை போவார். கீழ்வீட்டில் பல் துலக்கிக்கொண்டே நான் "ஏழு!" என்று கத்திப் பார்த்திருக்கிறேன், குறைந்தது நாற்பது காலைகள். அவர் காதில் விழுந்ததேயில்லை. நாள் முழுவதும் ஒரு ஏழு எங்கேயோ தொலைந்துபோன உணர்ச்சியுடன் இருப்பேன்.

அடுத்தது அதிர்ச்சி. மின்சார அதிர்ச்சியைச் சொல்லவில்லை, தரை அதிர்வதைச் சொல்கிறேன். கேபிள் லேசாக அசைந்தாலும் திரை கறுத்து, ரெண்டர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே ரெண்டர் ஓடும்போது கதவுக் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துண்டு கட்டுவார். துண்டு கட்டியிருந்தால் மாடிப்படியில் யாரும் ஓடக் கூடாது. கதவை அறையக் கூடாது. முக்கியமாக, சுவரை ஒட்டி மிக்ஸி போடக் கூடாது. இதை அவர் வீடு வீடாகப் போய்க் கைகூப்பிக் கேட்டுக்கொண்டதால், ஜனங்களும் பழகிவிட்டார்கள். காலை எட்டு மணிக்கு அடுக்ககத்தின் நடுவே உள்ள வெற்றிடத்தில் குரல்கள் மேலும் கீழும் போகும்.

"ஸ்டாண்டு தம்பீ! சட்னி அரைக்கலாமா?"

"நாலு நிமிசம்க்கா!"

"தோசை ஆறிப் போவுதுப்பா!"

"மாப்பிள்ளை மாலை போட்டுகினு கீறாருக்கா. போட்டு முட்ச்சிரட்டும்!"

ஆறு வீடுகளின் தேங்காய்ச் சட்னி, யாரென்றே தெரியாத ஒரு மாப்பிள்ளையின் கழுத்தில் மாலை விழுவதற்காகக் காத்திருக்கும். இதைப் பற்றிச் சங்கத்தின் புகார்ப் புத்தகத்தில் எழுதினேன். எண்ணுவது பற்றி, இரைச்சல் பற்றி, கொடியில் தட்டுகள் கிணுகிணுப்பது பற்றி, எல்லாமாகப் பதினேழு புகார்கள். புத்தகத்தில் மற்றவர்கள் எழுதியவை மூன்று. அந்த மூன்றும் என்னைப் பற்றி.

பதினெட்டாவதை நான் எழுத வேண்டியிருக்கவில்லை. செயலாளரே எழுதினார். அவர் மதுரைப் பக்கத்துக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஒருநாள் மாலை தயிர் பாக்கெட்டுடன் லிஃப்டில் ஏறினார். அதே நேரம் இஸ்திரிப் பெட்டி ஒன்று, கீசர் இரண்டு, மேலே தட்டு ஸ்டாண்டு, எல்லாம் சேர்ந்து கட்டடத்தின் மெயின் சுவிட்ச் விழுந்துவிட்டது. லிஃப்ட் முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் நின்றது. மெயினைத் தூக்கிவிட்டால் சரியாகியிருக்கும். மீட்டர் பெட்டிக்கு நான் போனபோது, அதன் முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நம்மவர் நின்றிருந்தார்.

"சார், கரண்ட்டு மட்டும் வர வச்சிராதீங்க சார்!"

"ஏன்?"

"கார்டு இப்ப யூபிஎஸ்ல ஓடிகினு கீது. கரண்ட்டு திரும்ப வந்தா அந்த யூபிஎஸ்ஸு ஒரு தட்டு தட்டும். அதுல கார்டு பூடும். இன்னும் ஒம்போது பர்சென்ட்டுதான் சார்!"

கரண்ட் போனதற்காகச் சண்டை போடுகிறவர்களை ஆயுள் முழுவதும் பார்த்திருக்கிறேன். கரண்ட் வந்துவிடாமல் காவல் காத்தவரை அன்றுதான் பார்த்தேன். இடையிடையே லிஃப்டின் இடுக்கு வழியாகச் செயலாளருக்கும் ஆறுதல் சொன்னார். "பேஜாராவாதீங்க சார், தொண்ணூத்தி நாலு! தொண்ணூத்தி அஞ்சு!" இருபத்திரண்டு நிமிடம். செயலாளர் வெளியே வந்தபோது தயிர் மோராகிவிட்டிருந்தது. "பன்னெண்டு வருஷமா கம்ப்யூட்டர் ஃபீல்டுல இருக்கேன். தட்டு ஸ்டாண்டுல கம்ப்யூட்டர் கட்டுற ஆளு இந்தப் பில்டிங்ல இருக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை மீட்டிங்!" என்றார்.

வீட்டைக் காலி செய்யச் சொல்லும்படி உரிமையாளருக்குக் கடிதம் எழுதுவது என்று தீர்மானம். சங்க விதிகளை எழுதியவன் நான். விதிப்படி கூட்டத்துக்குப் பதினோரு பேராவது வேண்டும். சம்பந்தப்பட்டவர் கையில் கூட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்பாவது நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கூட்டம் ஐந்து மணிக்கு. நாலே முக்காலுக்கு நோட்டீஸை எடுத்துக்கொண்டு பதினெட்டுப் படி ஏறினேன். கைப்பிடியில் சிவப்புத் துண்டு. கதவு திறந்தே இருந்தது.

மேஜைக்கு அருகே ஒரு முக்காலியில், லேப்டாப்பின் வயிற்றில் கையை வைத்தபடி அவர் விறைத்து உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை.

"சார்! சாமி மாரி வந்தீங்க. கேபிள் கிளிப்பு ஒட்ஞ்சிகிச்சு. ரெண்டு மணிலேர்ந்து கையால புட்ச்சிகினு கீறேன். ஏழு மணிக்கு திருமழிசைல ரிசப்ஷன், இந்தப் படத்தை ஓட்டணும். ஊட்டம்மா ஜாக்கெட் குடுக்கப் போய்க்கீது. ஒரு நிமிசம் புடிங்க சார்."

"நான் நோட்டீஸ் கொடுக்க..."

"குடுங்க சார், வாங்கிக்கிறேன். மொதல்ல இத்தப் புடிங்க. பாத்ரூம் சார்!"

முகத்தைப் பார்த்தால் அது நியாயமான கோரிக்கையாகத் தெரிந்தது. முக்காலியில் உட்கார்ந்து, அவர் விரலுக்கு அடியில் என் விரலை நுழைத்தேன். திரை ஒருமுறை நடுங்கி, நின்றது. அவர் போய்த் திரும்பி வந்தார். "இந்தாருங்கள், பிடியுங்கள்" என்றேன். அவர் குனிந்து என் விரல்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"வேணாம் சார். இப்ப மாத்துனா பூடும். கார்டுக்கு உங்க கை செட்டாயிட்ச்சு."

"எவ்வளவு நேரம்?"

"நாப்பத்தாறு நிமிசம்தான் சார்."

எழுந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்போதுதான் திரையின் மூலையைக் கவனித்தேன். அரை மணி நேரப் படம். அதற்குள் ஃப்ரேம் ஃப்ரேமாக நாற்பத்தைந்தாயிரம் தனித்தனிப் படங்கள். ஒவ்வொன்றும் முடிய முடிய ஒரு எண் ஏறிக்கொண்டிருந்தது. முப்பத்தைந்தாயிரத்து இருநூற்றுப் பத்து, பதினொன்று, பன்னிரண்டு... ஒன்றைக்கூட விடாமல். ஏழில் முடியும் எண்கள் எல்லாம் அங்கே பத்திரமாக இருந்தன. பார்க்கப் பார்க்க மனம் அடங்கியது.

"நீங்கள் மட்டும் ஏன் ஏழை விடுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

தரையில் உட்கார்ந்து நோட்டீஸைப் படித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கவில்லை. "அம்பத்தூர்ல குடியிருந்தப்ப, டாக்கைப் போட்டுட்டு ஏழுன்னு சொல்றேன், ஹவுஸ் ஓனர் உள்ள வந்து காலி பண்ணுன்ட்டாரு. திருநின்றவூர்லயும் அதே ஏழு. அப்பால அத்த நான் சொல்றதே இல்ல சார்." நோட்டீஸை மடித்தார். "இது அஞ்சாவது ஊடு. ஒவ்வொரு ஏரியாலயும் ஊட்டம்மா ஜாக்கெட் தச்சி ஆளுங்களை சேக்கும். சேந்து முடியறப்போ நம்ம காலி பண்ணுவோம். மறுபடியும் மொதல்லேர்ந்து. இங்கதான் இருவத்தி மூணு பேரு சேந்துகீறாங்க. மீட்டிங்கைப் பத்தி அதுக்கு இன்னும் நான் சொல்லல சார்."

கை அசையக் கூடாது என்பதால் மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டிருந்தேன்.

ஐந்து பத்துக்கு மாடிப்படியில் காலடிச் சத்தம். பத்து பேர். நான் இல்லாமல் பதினொன்று சேரவில்லை என்று தேடிக்கொண்டு வந்திருந்தார்கள். சிவப்புத் துண்டைப் பார்த்ததும், அவரை வெளியேற்ற வந்த அந்தப் பத்து பேரும், பழக்கதோஷத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு நுனிக்காலில் உள்ளே வந்தார்கள்.

"என்ன சார், இங்கன உக்காந்திருக்கீக?" என்று செயலாளர் ரகசியக் குரலில் கேட்டார்.

"அசைய முடியாது" என்றேன், சுவரைப் பார்த்தபடியே. என் முதுகுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

செயலாளர், தரையில் இருந்தவரை விட்டுவிட்டு, அறையில் இருந்தவர்களை எண்ணினார். "பதினொண்ணு. கூட்டம் இங்கயே நடக்கட்டும்" என்று, அதே ரகசியக் குரலில் தீர்மானத்தைப் படித்தார். "ஏத்துக்கிறவங்க கை தூக்குங்க."

ஐந்து கைகள் என்று சொன்னார். "எதிர்க்கிறவங்க?" மறுபடியும் ஐந்து. அந்த ஐந்து பேர் வீட்டு ஜாக்கெட்டும் செல்வியிடம் பாதி தைத்தபடி கிடந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

கார்டின் விசிறிகள் மட்டும் இரைந்தன.

"சார், நீங்கதான் பாக்கி. பதினேழு புகார் எழுதுனவரு நீங்க. கையத் தூக்குங்க."

"எப்படித் தூக்குவது? இரண்டு கையும் கேபிளில் இருக்கிறது."

"அப்ப வாயால சொல்லுங்க."

"விதி பதினான்கு. கை தூக்கிக் காட்டினால்தான் வாக்கு. வாயால் சொன்னது செல்லாது."

"யார் சார் இப்படி ஒரு விதிய எழுதுனது?"

"நான்தான்."

செயலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னாலிருந்து யாரோ, "மெதுவா பேசுங்க சார், ரெண்டர் ஓடுதுல்ல?" என்று அதட்டினார்கள். ஐந்துக்கு ஐந்து. சமம் என்றால் தீர்மானம் விழுந்துவிடும். அதுவும் நான் எழுதிய விதிதான். பத்து பேரும் நுனிக்காலில் வெளியே போனார்கள். ஐந்து முப்பத்தொன்றுக்குப் படம் முடிந்தது. ஆறு மணிக்குள் அவர் பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திருமழிசைக்குக் கிளம்பிவிட்டார்.

அதன் பிறகு மூன்று வருடம் மேல்வீட்டில் இருந்தார்கள். போன வருடம், யாரும் சொல்லாமல், தாங்களாகவே குத்தம்பாக்கம் பக்கம் சொந்த வீடு கட்டிக்கொண்டு போனார்கள். இப்போது மேல்வீட்டில் ஓர் அமைதியான குடும்பம். காலை ஆறரைக்கு ஒரு சத்தமும் இல்லை. அவரவர் இஷ்டத்துக்குச் சட்னி அரைக்கிறார்கள். புகார்ப் புத்தகத்தில் இந்த வருடம் நான் ஒன்றுகூட எழுதவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சங்கத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தாலும் பரவாயில்லை, தீர்மானத்தை மறுபடி எடுக்க விதியில் இடமில்லை. அந்தக் கேபிளைப் பிடிக்க இரண்டு விரல் போதும். தரையில் உட்கார்ந்திருந்த அவருக்கு மேஜைக்கு அடியில் எல்லாம் தெரிந்தது. நிமிர்ந்து என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, மடித்த நோட்டீஸைப் பிரித்து மறுபடி படிக்கத் தொடங்கினார். என் இடது கை நாற்பத்தாறு நிமிடமும் மடியில் சும்மாதான் கிடந்தது.